அடைப்புக்குறிக்குள் ஒரு கூட்டல் குறி

“‘அந்தக் குறி என்ன சொல்லுது’ன்னு ஒரே ஒரு வரி எழுதினீங்க. அப்புறம் மூணு வாரமா பேச்சே இல்ல. என் திருத்தத்தை ஏத்துக்கக் கூடாதாம்மா?”

வாசலில் நின்றபடியே தணிகாசலம் கேட்டார். இதற்காகவே அரக்கோணத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலேறி வந்தவர்.

ஜெசிந்தா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தரவுத்தளத்திடம் எதைக் கேட்பதானாலும் எஸ்.க்யூ.எல். என்ற மொழியில்தான் கேட்க வேண்டும். தரவுத்தளம் விற்பவர் ஒவ்வொருவரும் அம்மொழியில் தமக்கென்று ஒரு வழக்கை வைத்திருக்கிறார்கள். ஒரு வழக்கில் உள்ள வரியைப் பிரித்துப் பொருளறிந்து, மற்றொரு வழக்கில் மாற்றித் தருவது பார்சரின் வேலை. எவரும் எடுத்தாளவும் எவரும் திருத்தவும் திறந்து கிடக்கும் அப்படியொரு பார்சரைக் காத்துவருபவள் ஜெசிந்தா.

அவரைவிட இருபது வயது இளையவள். ஆயினும் மூன்று ஆண்டுகளாக அவர் அவளிடம்தான் எழுத்து வழியே கற்றுவந்தார். முகம் பார்ப்பது இன்றுதான்.

“படி வழுக்கும். பைய வாங்க, அண்ணாச்சி.”

அவர் கீழே வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டார்.

“பையைத் தூக்கச் சொல்லல்ல. மெதுவா வாங்கன்னேன்.”

“எங்க ஊர்ல பைன்னா பைதாம்மா.”

மேலே இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றை இறக்கிவைக்கச் சற்று நேரமாயிற்று. அங்கே எவரும் வந்து உட்கார்ந்து நெடுநாளாகிறது என்று அவருக்குத் தோன்றியது. தம் வீட்டு நாற்காலியும் நினைவுக்கு வந்தது.

“நான் வேலை பாக்கற கண் ஆஸ்பத்திரியில பழைய டேட்டாபேஸைத் திங்கட்கிழமை நிறுத்திட்டுப் புதுசுக்கு மாறறாங்க” என்றார். “மறுபரிசோதனைக்கு யார் யாரைக் கூப்பிடணும்னு பட்டியல் எடுக்கற வரி அதுலதான் இருக்கு. எழுதிக் குடுத்த கம்பெனியையே மூடிட்டாங்க. அந்த வரியில, அடைப்புக்குறிக்குள்ள ஒரு கூட்டல் குறி. அதைப் பார்த்தாலே உங்க பார்சர் பிழைன்னு கத்துது. கண்டுக்காம தாண்டிப் போன்னு திருத்தினேன். இப்ப சத்தமே இல்ல.”

“அந்தக் குறி என்ன சொல்லுது?”

“மறுபடியுமா! பழைய ஆளுங்க வெச்ச திருஷ்டிப் பொட்டும்மா அது.”

“பட்டியல் இருக்கா?”

மடிக்கணினியைத் திறந்தார். “ஆயிரத்து இருநூத்தி எட்டுப் பேர். எவ்வளவு சுத்தமா வந்திருக்கு, பாருங்க.”

“உங்க கண்ணை யாரு பாக்கா?”

“அங்கயேதான். கண்ணழுத்தம். இந்த மாசம் போகணும்.”

“அப்போ உங்க பேரைக் காட்டுங்க.”

தேடினார். முன்னெழுத்தைச் சேர்த்துத் தேடினார். முன்னெழுத்தை நீக்கித் தேடினார்.

இல்லை.

“போன வருஷம் கூப்பிட்டாங்களே.”

“அந்த வரி எத்தனை அட்டவணையைச் சேக்குது?”

“ரெண்டு. நோயாளிங்க ஒண்ணு. அவங்களுக்குத் துணையா வர்றவங்க ஒண்ணு.”

“ரெண்டாவதுல உங்க பேருக்கு நேரா யாரு?”

கமலவேணி, அவர் மனைவி. எட்டு ஆண்டுகள் அந்தப் பெயர் அங்கே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் இறந்தபின் ஒரு காலையில், அலுவலகம் திறந்ததும், தம் விரலாலேயே அதை அழித்தார். வேறு பெயர் எழுதச் சொன்னார்கள். எழுத ஒரு பெயர் இல்லை.

“யாருமில்ல” என்றார்.

“குறியைத் தாண்டிப் போனா, ரெண்டுலயும் பேரு உள்ளவங்க மட்டும்தான் வருவாங்க” என்றாள் ஜெசிந்தா. மடிக்கணினியை அவர் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

அவர் தம் திருத்தத்தை நீக்கினார். பழைய வரியை, கூட்டல் குறியோடு, உள்ளபடியே கொடுத்தார். திரை சிவந்தது: பிழை, இந்தக் குறி தெரியாது.

“கேக்குதில்லா அது?” என்றாள். “சொல்லிக் குடுங்க.”

“அந்தப் பக்கம் துணை...” கூட்டல் குறியின் மேல் விரலை வைத்தார். “அந்தப் பக்கம் துணைக்கு யாரும் இல்லைன்னாலும்...”

“பைய, அண்ணாச்சி.”

இம்முறை அவர் பையைத் தேடவில்லை.

“...இந்தப் பேரை விட்டுடாத.”