குஞ்சிதம் அம்மையார் உப்புப் பார்த்த கதை

ஆலங்கரை என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பணி செய்தவர் குஞ்சிதம் அம்மையார். அவருடைய தொண்டினைப் பெரியோர் முன் பணிந்து சொல்லத் துணிகிறேன். சொல்லில் குறையிருப்பின் அது என்னுடையது.

அம்மையார் காலையில் வந்ததும் அடுப்பு மேடையைக் கழுவித் திருநீறு இடுவார். உலை கொதிக்கும் வரை அவர் வாய் ஐந்தெழுத்தை முணுமுணுக்கும். இளமையில், ஊர்ச் சிவன் கோயில் மடைப்பள்ளியில் இறைவனுக்கு அமுது சமைக்க ஆசைப்பட்டவர் அவர். அதன் வாசலில் நிற்கவும் அவரை விட்டாரில்லை. கணவர் மறைந்தபின் வயிற்றுப்பாட்டுக்காகப் பள்ளி அடுப்படிக்கு வந்த அன்று, தட்டுடன் அமர்ந்திருந்த குழந்தைகளைக் கண்டார். ஈசனே இத்தனை வடிவில் பசியோடு வந்திருக்கிறான் என்று உள்ளம் நெகிழ்ந்தார்.

அன்று முதல் கோயில் முறைப்படியே சமைத்தார். படையலைப் போல, பரிமாறும் முன் ருசி பார்ப்பதில்லை, முகர்ந்தும் பார்ப்பதில்லை. கடைசிக் குழந்தை கை கழுவிய பின்னரே, எஞ்சியதைப் பிரசாதமாக உண்பார்.

அவர் கண்ட தெய்வங்களோ எளிதில் மகிழ்பவை அல்ல. கேரட்டைத் தட்டின் அடியில் ஒளித்தன. கறிவேப்பிலையை அடுக்கி ரயில் விட்டன. மஞ்சள் கருவைக் கொடுத்து வெள்ளைக் கருவை வாங்கின.

ஐந்தாம் வகுப்புப் பூவரசன் ஒருநாள், “முட்டையெல்லாம் சாமிக்குப் படைக்கலாமா ஆயா?” என்று சீண்டினான்.

“சாமியே தட்டை நீட்டிக்கிட்டு ரெண்டு குடுங்குதே. நான் என்ன பண்ணட்டும்?” என்றார் அம்மையார்.

சமைத்தவரும் தலைமையாசிரியரும் உண்டு பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்பது விதி. தலைமையாசிரியர் சிற்சபேசனார் இரத்தக் கொதிப்பின் காரணமாக வீட்டில் உப்பில்லாமல் உண்பவர். ஆகவே எதைச் சுவைத்தாலும், “உப்பு தூக்கலா இருக்கே” என்பார். நாளடைவில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அம்மையார் செய்யாததைத் தான் செய்வதா என்று, உதவியாளர் மரகதமும் வாய் வைப்பதில்லை.

வட்டார அலுவலர் பார்வையிட வந்த அன்று, அம்மையார் சாம்பாருக்கு உப்பிட்டுவிட்டு முட்டை உரிக்கப் போனார். அக்கா மறந்துவிட்டார் போலும் என்று எண்ணி மரகதமும் உப்பிட்டார். தலைமையாசிரியர் சுவைத்து, “உப்பு தூக்கலா இருக்கே” என்றார். மரகதம் வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டுப் பரிமாறினார்.

“ஆயா, வேதாரண்யத்திலேருந்து தண்ணி கொண்டாந்து வச்சீங்களா?” என்றான் பூவரசன். பந்தியே சிரித்தது. ஒன்றாம் வகுப்புச் சிறுமி யாழிசை மட்டும் சிரிக்காமல், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக் குடித்து உண்டாள்.

அலுவலர் அம்மையாரை அழைத்தார். “சின்னப் பிள்ளைங்க சாப்பாடும்மா. இன்னிக்கு உப்பு. நாளைக்கு வேற எதாவது விழுந்து கிடந்தா? நாளைக்கும் வர்றேன். என் முன்னாடி சாப்பிட்டுப் பார்த்துட்டுப் போடுங்க. முடியாதுன்னா வேற ஆளைத்தான் போடணும்.”

அவர் சொன்னதில் தவறில்லை. அம்மையாருக்கும் அது தெரிந்திருந்ததால்தான் நெஞ்சு வலித்தது. ஆயினும் ஈசன் பசித்திருக்கத் தாம் முந்தி உண்பது எங்ஙனம்? அடுப்படி போனால் அவருக்குச் சோறும் இல்லை, பூசையும் இல்லை.

மறுநாள் அலுவலர் முன் அம்மையார் கரண்டியை உதடு வரை கொண்டுபோனார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

“மன்னிச்சுக்குங்கய்யா. மனசு வரலை. வேற ஆளைப் போட்டுக்குங்க.”

அலுவலர் பெருமூச்சுடன் மரகதத்தைப் பார்த்தார். மரகதம் அழுதுகொண்டே சுவைத்தார். கண்ணீர் வாய்க்குள் இறங்கியதால் அவருக்கு எது உப்பு என்று தெரியவில்லை. “சரியாத்தான் இருக்கும் சார்” என்று சொல்லி, ஒன்றாம் வகுப்பிலிருந்து பரிமாறத் தொடங்கினார். அம்மையார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினார்.

முதல் தட்டு யாழிசைக்கு. அவள் உண்ணவில்லை. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி, வரிசையை விட்டெழுந்து, வாசற்படிக்கு ஓடி வந்தாள்.

“ஆ காட்டு ஆயா.”

“நீ சாப்பிடு சாமி. நான் அப்புறம் சாப்பிடறேன்.”

“தினம் அப்புறம் அப்புறம்னே சொல்ற. உனக்குப் பசிக்காதா?”

அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அம்மையார் மண்டியிட்டார். எந்தத் தெய்வத்துக்கு முன் உண்ண அஞ்சினாரோ, அத்தெய்வத்தின் பிஞ்சு விரல்களே அவர் வாயில் அமுதூட்டின.

“உப்பு இருக்கா?” என்றாள் குழந்தை.

அம்மையார் மென்றார், திகைத்தார். “உப்பே இல்லையே கண்ணு.”

முதல் நாள் பட்ட அச்சத்தில், மற்றவர் போட்டிருப்பார் என்று இருவருமே உப்பிடாமல் விட்டிருந்தனர். எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தார்கள். அன்றும் அவர், உப்பு தூக்கல் என்றே சொல்லியிருந்தார்.

அலுவலர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். “உள்ள வாங்கம்மா. வந்து உப்புப் போடுங்க. தினமும் இந்தப் பாப்பா ஊட்டட்டும். நீங்க சொன்னப்புறம் பந்தி நடக்கட்டும்.”

பந்திக்கு முன் ஒரு குழந்தை ஆயாவுக்கு ஊட்டுவது அன்று முதல் அப்பள்ளியின் வழக்கமாயிற்று. ஊரார் முன்பு அவருக்கு மடைப்பள்ளி வாசலை அடைத்தனர். இறைவனோ தன் தட்டோடு அவரைத் தேடி வாசற்படிக்கே வந்தான். பசி அறிந்து படைத்த அந்தக் கைகளுக்கு நம் வணக்கம் உரியதாகுக.