உறுப்பினர் அல்லாதவர் வெளியே

வல்லக்குளம் நகராட்சிக்குத் தலைவி செண்பகவல்லி. ஆனால் கூட்டத்தில் வாய் திறப்பதெல்லாம் அவர் புருஷன் ராஜாமணிதான். எந்த வார்டிலும் ஜெயிக்காத மனுஷன், மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரையே அதட்டுவார்.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கியதுமே, மூன்று வாரமாகக் குடிநீர் வராத தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு உள்ளே வந்து நின்றார்கள். ராஜாமணி மேசையில் ஓங்கி அறைந்தார்.

"ஏ உலகம்மா! உறுப்பினரா இல்லாத ஒரு ஆளும் இங்கே இருக்கக்கூடாது. உடனே வெளியேத்து. இல்லேன்னா நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே!"

உலகம்மா அங்கே தற்காலிகப் பியூன். வெளியேற்ற வேண்டிய பெண்களில் அவள் அக்காவும் ஒருத்தி.

"ஒருத்தர் விடாமலா, சார்?"

"ஒருத்தர் விடாம!"

"பெரிய இடத்துச் சொந்தம்னு சொன்னா?"

"எவனா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளு!"

உலகம்மா நேரே மேடையேறி அவர் முன்னால் போய் நின்றாள்.

"கழுத்தெல்லாம் வேண்டாம் சார். நீங்களே எழுந்திருச்சு வந்திருங்க."

ராஜாமணி மனைவி பக்கம் திரும்பிக் கத்தினார். "என்ன பார்த்துக்கிட்டிருக்கே? சொல்லு அவகிட்ட!"

செண்பகவல்லி முதல்முறையாக மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவர் உத்தரவுதானே, உலகம்மா? நிறைவேத்து."

பெண்களையும் வெளியே அனுப்பி, வராந்தாவில் அவர்களின் காலிக் குடங்களுக்கு நடுவே ராஜாமணியைக் கொண்டுவந்து நிறுத்தினாள் உலகம்மா.

"இவங்களோட இங்கேயே நில்லுங்க சார். தண்ணி எப்ப வரும்னு உள்ளே தலைவிகிட்டே கேட்டுச் சொல்றேன்."