சிவப்பு நூல்

ரெஜினா டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு வாசகர் வட்டம் நடத்தினார். அவருடைய சீடர் பொன்னுலிங்கம் அவரைவிட இருபது வயது மூத்தவர். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, கதை வாசிக்கக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தவர்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மர்ம நாவல் என்றால் அதன் கடைசி அத்தியாயத்தை டீச்சர் ஊசி நூலால் தைத்துவிடுவார். முன்கூட்டியே எட்டிப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? அதுவரை வாசித்து முடித்தவர் நூலை வெட்டிக்கொள்ளலாம். புத்தகம் திரும்பி வந்ததும் அடுத்தவருக்காக மறுபடி தைப்பார்.

ஒரு சனிக்கிழமை மாலை பொன்னுலிங்கம் வாடிய முகத்தோடு வந்தார். கையில், வட்டமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாவல்.

"டீச்சர், நான் இனிமே வரலை."

"ஏன் அண்ணாச்சி?"

"எனக்கு முன்னாடி பதினோரு பேர் இதை வாசிச்சிருக்காங்க. பதினோரு பேரும் ஆகா ஓகோங்காங்க. முடிவை வாசிச்சிட்டு ரெண்டு நாள் சோறு இறங்கலைன்னார் ஒருத்தர். எனக்கு ஒண்ணுமே தோணலை."

"முடிவு என்ன?"

"கொன்னவன் செத்தவனோட இரட்டைப் பிறவியாம். கடைசி அத்தியாயத்துலதான் பஸ்ஸை விட்டே இறங்குதான். முந்நூறு பக்கமா நான் தோட்டக்காரனைச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. பொன்னுலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது தெரிந்தது.

"எனக்கு வாசிக்க வராது டீச்சர். ஆயுசு பூரா சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவன். நாளைக்கு இதைப் பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. பொய் சொல்லணும், இல்லைன்னா வராம இருக்கணும்."

டீச்சருக்கு ஆறுதல் சொல்ல வராது.

"நூலை நீங்கதானே வெட்டினீங்க?"

"ஆமா."

"என்ன கலர்?"

"சிவப்பு."

டீச்சர் தையல் டப்பாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"எந்தப் புத்தகம் வந்தாலும் முதல்ல சிவப்புலதான் தைப்பேன். அது வெட்டுப்பட்டு வந்தா அடுத்தது நீலம். அப்புறம் பச்சை."

பொன்னுலிங்கம் நூல்கண்டுகளைப் பார்த்தார். புத்தகத்தில் தொங்கிக்கொண்டிருந்த சிவப்புத் துணுக்கைப் பார்த்தார். அளந்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்போ அந்தப் பதினோரு பேரும்..."

"தைச்சது தைச்சபடியே திருப்பிக் கொடுத்தாங்க."

"நீங்க?"

"தைக்கிறதுக்கு முன்னாடியே வாசிச்சிட்டேன்."

"எப்படி இருந்துது?"

"அதான் இறுக்கித் தைச்சேன்."

பொன்னுலிங்கம் சிரிக்க ஆரம்பித்தார். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனது. வயிறு பசிப்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. பாரம் இறங்கினால் குறும்பு வந்துவிடுகிறது.

"நாளைக்கு இருக்கு அவங்களுக்கு. ஒவ்வொருத்தரா நிறுத்தி வச்சுக் கேக்கப் போறேன்."

டீச்சர் ஊசியில் நீல நூலைக் கோத்தார். கடைசி அத்தியாயத்தை நிதானமாகத் தைத்தார். முடிச்சுப் போட்டு, மீதி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பிடிக்கலைன்னு தாராளமாச் சொல்லுங்க அண்ணாச்சி. முடிவை மட்டும் சொல்லிராதீங்க. பாவம், பதினோரு பேருக்கு அது இன்னும் தெரியாது."