துரைக்கண்ணு மடியில் வந்த பச்சையப்பன்

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், அந்த அதிகாரி இன்னும் வேலையில்தான் இருக்கிறார். பெயர் துரைக்கண்ணு. வளர்ப்புப் பிராணிகளுக்கு லைசென்ஸ் தருகிறவர்.

அவர் துணிகளுக்கு இஸ்திரி போடும் சிட்டம்மாவிடம் ஓர் இகுவானா இருந்தது. முழ நீளத்தில், பச்சை நிறத்தில், வெளிநாட்டு ஓணான். வீட்டைக் காலி செய்தவர் யாரோ விட்டுப்போனது. பச்சையப்பன் என்று பெயர் வைத்து வளர்த்தாள். அதற்குச் சூடு என்றால் உயிர். தேய்த்து அடுக்கிய துணி மேலேயே நாளெல்லாம் படுத்துக் கிடக்கும்.

அவள் லைசென்ஸ் கேட்டுப் போனாள்.

"நாளைக்குள்ள பிராணியை என் கண்ணுல காட்டணும். இல்லேன்னா பறிமுதல்" என்றார் துரைக்கண்ணு.

"கொண்டாரேன் சார்."

"லைசென்ஸ் இல்லாம ரோட்டுல கொண்டுவந்தா, கொண்டுவர்ற ஆள் மேல கேஸ்!"

சிட்டம்மா தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை, ஆபீஸ் போகிற வழியில் துரைக்கண்ணு வழக்கம்போல் ஜீப்பை நிறுத்தித் துணிக்கூடையை வாங்கிக்கொண்டார். மடிப்புக் கலையக் கூடாதென்று அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போவார்.

ஆபீசில் கூடையைத் திறந்தார். சூடான சட்டைகளுக்கு நடுவே பச்சையப்பன் கண்ணைச் சிமிட்டியது.

"யார் இதை ரோட்டுல கொண்டுவந்தது?" என்று அலறினார்.

பின்னாலேயே வந்து நின்றிருந்தாள் சிட்டம்மா. "நீங்கதான் சார். மடியில வெச்சு. கடைத்தெருவே பாத்துச்சு."

பியூன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். லைசென்சில் கையெழுத்து விழுந்தது.

"சட்டை கசங்கிருச்சே சார். நாளைக்கு ஜீப்பை நிறுத்துங்க, தேய்ச்சுத் தரேன்."

"ஜீப் வராது" என்றார் துரைக்கண்ணு. "நானே நடந்து வந்து, ஒவ்வொண்ணா உதறிப் பார்த்து வாங்கிக்கிறேன்."