நேரலையும் நேர்லயும்

கோவில்பட்டிக்கு மேற்கே, வீடுகள் முடிந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மடம். மடத்தில் ஒரு சாமி. சாமிக்குச் சீடர்கள் கொஞ்சப் பேர். அதில் ஒருத்தர் சொரிமுத்து.

இதில் ஒரு சங்கடம். சாமியும் சொரிமுத்துவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பள்ளிக்கூட ஹாக்கி அணியில் சாமி முன்வரிசை ஆட்டக்காரர். அப்போது அவர் பேர் சீனிராசு. சொரிமுத்து கோல்கீப்பர். நாலு பேர் இருந்தால் சொரிமுத்து ‘சாமி, சாமி’ என்று கை கட்டி நிற்பார். கோபம் வந்துவிட்டால் ‘ஏலே சீனி’தான். சாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காவி கட்டினவனுக்குப் புதுசாவா காது முளைக்கும் என்பார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து சொரிமுத்து போனும் கையுமாக மடத்துக்கு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. சாமி துவரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன, கப்பல் கவுந்துருச்சா?”

“திரும்பவும் ஏத்திட்டான் சாமி.”

“என்னத்தை?”

“சந்தாவை.”

சொரிமுத்துவுக்கு ஒரே மகள், முத்துப்பேச்சி. தாயில்லாப் பிள்ளை. அப்பனைப் போலவே கோல்கீப்பர். அப்பன் கோவில்பட்டியைத் தாண்டவில்லை. மகள் தாண்டிவிட்டாள். வெளியூர் கம்பெனி ஒன்றின் அணிக்காகப் பெண்கள் லீக்கில் ஆடுகிறாள். அந்த லீக்கை ஒரே ஒரு ஆப்பில்தான் நேரலையாகக் காட்டுகிறார்கள்.

அந்த ஆப்புக்காரன் இருக்கிறானே, பேரிலேயே ஆப்பு வைத்திருக்கிறவன். முதலில் ஓசியில் காட்டினான். எல்லோரும் பழகினதும் ஏதோ கொஞ்சம் கொடு என்றான். பிள்ளை ஆடுகிறாளே என்று சொரிமுத்து கொடுத்தார். அப்புறம், கொடுத்தாலும் நடுவில் விளம்பரம் வரும், வேண்டாமென்றால் கூடக் கொடு என்றான். அப்புறம், விளையாட்டு தனிக் கட்டு, அதற்குத் தனிக் காசு என்றான். இப்போது மறுபடியும் ஏற்றிவிட்டான்.

“மச்சான் கணக்குல பார்த்தேன். நீ வேற வீடு, அவரு வேற வீடுன்னு சொல்லி வெளியத் தள்ளிட்டான். ஓசி டிஷ்ஷு வச்சுப் பார்த்தேன். பாட்டு வருது, சமையல் வருது, லீக்கு வரமாட்டேங்குது. டீக்கடைப் பையன் ஒரு லிங்க்கு அனுப்பினான். தொட்டேன். சீட்டாட்டம் வந்து நிக்குது சாமி. போனே கொதிச்சுப்போச்சு.”

“ஸ்கோர் மட்டும் எழுத்துல வருமாமே?”

“வருது. ‘முத்துப்பேச்சி தடுத்தார்’னு எழுத்துல வருது. எழுத்துல என்னத்தைப் பார்க்க?”

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

“பேச்சிகிட்டச் சொன்னா அவளே கட்டிருவாளே.”

“மகளைப் பார்க்க மகள்கிட்டயே காசு கேக்கச் சொல்றீங்களா? எனக்கு மானம் போயிரும்.”

சொரிமுத்துவின் பயம் காசில் மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பேச்சி போன் பண்ணுவாள். ‘பாத்தீங்களாப்பா?’ என்பாள். ‘பார்த்தேம்மா’ என்பார். ‘சரிப்பா’ என்று வைத்துவிடுவாள். அப்பனுக்கும் மகளுக்கும் இடையில் மிஞ்சியிருக்கிற பேச்சு அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் இறுதி ஆட்டம். அன்றைக்குப் போன் வரும். பார்த்தேன் என்று பொய் சொல்ல வாய் வராது. பார்க்கவில்லை என்றால் இருக்கிற பேச்சும் அறுந்துபோகும்.

“ஒரு யோசனை சாமி. மடத்துக்குன்னு ஒரு சந்தா கட்டிருவோம். கூடத்துல பெரிய டிவி வச்சிரலாம். சனங்களும் வந்து பார்க்கும்.”

“அதிருக்கட்டும். போன ஆட்டத்துல என்ன பார்த்த?”

சொரிமுத்து முகம் கொஞ்சம் தெளிந்தது. “நம்ம பிள்ளைகள் கோலாப் போட்டுத் தள்ளிருச்சுக சாமி. ஒண்ணொண்ணும் பார்க்கணுமே!”

“பேச்சி?”

“அவ பக்கம் பந்தே வரலியே. கேமரா பந்து பின்னாலதான போகும்.”

“அவளை எப்பதான் பார்த்த?”

“அதுக்கு முந்தின ஆட்டத்துல. அன்னைக்கு அந்தப் பக்கத்துக்காரிகள் வந்துக்கிட்டே இருந்தாளுக. பேச்சி கோல் மேல கோலா வாங்கினா. திரை முழுக்க அவதான்.”

“அப்ப ஆட்டம் ஆரம்பிக்கும்போது சாமி கும்பிடுவியே, என்ன வேண்டிக்குவ? பந்து அவகிட்ட வரணும்னா, வரக்கூடாதுன்னா?”

சொரிமுத்துவுக்குக் கோபம்தான் வந்தது.

“ஏலே சீனி, நான் வயித்தெரிச்சலோட வந்து நிக்கேன், நீ விடுகதை போடுத. நேரலைக்கு வழி உண்டா, இல்லையா?”

“நேர்லயா? போய்ட்டு வாயேன். யாரு பிடிச்சு வச்சிருக்கா?”

“நேர்ல இல்ல. நேரலை.”

“அதான், நேர்ல.”

“நே… ர… லை.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது,” என்றார் சாமி. “நீ கட்டப்போற சந்தாவுல பாதி கூட ஆகாது, திருச்சிக்குச் சாதா டிக்கெட்டு.”

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அங்கேதான் முடிச்சு இருந்தது. பேச்சி பள்ளிக்கூடத்தில் ஆடும்போது அவர் கோலுக்குப் பின்னாலேயே போய் நிற்பார். தானும் கோல்கீப்பராக இருந்தவர் இல்லையா, வாய் சும்மா இருக்குமா? மாவட்டப் போட்டியில் ஒரு நாள், “வெளிய வா! வெளிய வா!” என்று போட்ட சத்தத்தில் பிள்ளை வெளியே ஓடி வந்துவிட்டாள். பந்து அவளைத் தாண்டிப் போய்க் கோலுக்குள் விழுந்தது. அன்றைக்குப் பேச்சி அழவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: “இனிமே டிவியில பாருங்கப்பா. அது முன்னால எம்புட்டு வேணாலும் கத்துங்க.”

“வரக்கூடாதுன்னுட்டா சாமி,” என்றார் சொரிமுத்து.

“வரக்கூடாதுன்னாளா, கத்தக்கூடாதுன்னாளா?”



சாமி உள்ளே போனார். கடலைமிட்டாய்ப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்து சொரிமுத்து கையில் வைத்தார்.

“ஒரு விரதம் தாரேன். மைதானத்து வாசலுக்குள்ள கால் வச்சதும் மௌனம். வெளிய வார வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது. வாய் பரபரன்னா இதுல ஒண்ணைப் போட்டுக்கோ.”

“அவ என்னைப் பார்த்துட்டா?”

“பாக்கட்டும். கேமராவா என்ன, காசு கேக்க?”

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நின்றுகொண்டே போனார் சொரிமுத்து. திருச்சியில் இறங்கி, கேட்டுக் கேட்டு மைதானத்துக்கு வந்தால் வாசலில் டிக்கெட்டும் கிடையாது, வரிசையும் கிடையாது. காவலாளி மட்டும் நின்றார்.

“யாரைப் பார்க்கணும்?”

அவசரத்தில் சொரிமுத்து ஏற்கனவே வாசலுக்குள் கால் வைத்துவிட்டார். வாயைத் தொட்டுக் கையை ஆட்டினார். மைதானத்தைக் காட்டினார்.

“அடப் பாவமே, வாய் பேச மாட்டீங்களா?” காவலாளிக்கு மனசு இளகிவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கோலுக்குப் பின்னால் கம்பிவலையோரம் நிறுத்தினார். “இங்கன நின்னாத்தான்யா நல்லாத் தெரியும்.”

பேச்சி பத்தடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றாள். பெரிய கால்கவசமும் தலைக்கவசமும் போட்டு, ஆள் இன்னாரென்று தெரியாத மாதிரி இருந்தாள். ஆனாலும் நிற்கிற நிலையே சொன்னது. அது அவர் பிள்ளை.

ஆட்டம் தொடங்கியது. பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஆப்பில் என்றால் இப்போது பேச்சி மறைந்திருப்பாள். இங்கே அவள் எங்கேயும் போகவில்லை. கோல் கம்பம் இரண்டையும் மட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். ரெண்டு எட்டு முன்னால் வந்தாள், பின்னால் போனாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

சொரிமுத்து அசந்து போனார். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்கிற பிள்ளை, இங்கே வாயே மூடவில்லை. “ஏ ரோசி, வலது பக்கம் பாரு! ஆளை விடாத!” “கொஞ்சம் இறங்கி நில்லுங்கக்கா!” “பரவாயில்லடி, போனது போகட்டும், அடுத்ததைப் பாரு!” என்று பின்வரிசை முழுவதையும் குரலாலேயே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆப்பில் வர்ணனைக்காரன் கத்துவான், கூட்டத்துச் சத்தம் வரும். இந்தக் குரல் ஒரு நாளும் வந்ததில்லை.

திடீரென்று அவள் கத்தினாள்: “வெளிய வா! வெளிய வா!”

அது சொரிமுத்துவின் குரல். அதே இழுப்பு, அதே கடைசி அழுத்தம். பின்வரிசைப் பெண் சொன்னபடி வெளியே பாய்ந்து வந்து பந்தைத் தட்டிவிட்டாள். சொரிமுத்துவுக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஆபத்து வந்தது. எதிர் அணிப் பெண் ஒருத்தி ஆட்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டுத் தனியாக வந்தாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவில் பேச்சி மட்டும்தான். பேச்சி வெளியே போகணும், இப்பவே போகணும் என்று சொரிமுத்துவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடலைமிட்டாயை வாய்க்குள் திணித்து, கண்ணை மூடாமல், நறநறவென்று கடித்தார்.

பேச்சி போகவில்லை. நின்றாள். இன்னும் நின்றாள். வந்தவள் மட்டையை ஓங்கின அந்த நொடியில் அப்படியே சரிந்து காலை நீட்டினாள். பந்து கால்கவசத்தில் பட்டு வெளியே ஓடியது.

தான் கத்தியிருந்தால் கோல் விழுந்திருக்கும் என்று சொரிமுத்துவுக்குப் புரிந்தது. கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பேச்சி எழுந்து மண்ணைத் தட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே சொன்னாள்:

“ஏம்ப்பா இப்படி வெயில்ல நிக்கீங்க?”

சொரிமுத்து கம்பிவலையை விட்டுவிட்டார்.

“கடிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. இந்த மாதிரி கடலைமிட்டாய் கடிக்க நம்ம ஊர்ல வேற ஆளு கிடையாது.”

அவர் தலையை ஆட்டினார். முதுகுக்குப் பின்னால் ஆட்டுகிற தலை அவளுக்கு எப்படித் தெரியும்?

இடைவேளை ஊதினார்கள். பேச்சி நடந்து போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றி ஒருதரம் திரும்பினாள். வேர்த்து விறுவிறுத்த முகத்தில் சிரிப்பு.

“அடுத்த பாதிக்கு நான் அந்தப் பக்கம் நிப்பேன். நீங்களும் அங்க வந்துருங்க.”

சொரிமுத்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவதைப் பார்த்துக் காவலாளியே பயந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து, கோப்பை வாங்கி, வாசலுக்கு வெளியே வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். விரதத்தைப் பற்றிச் சொன்னதும் பேச்சி சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள்.

“எல்லா ஆட்டத்துக்கும் வர முடியாதும்மா,” என்றார் சொரிமுத்து. “சந்தாவும் ஏத்திட்டான். என்னால கட்ட முடியல.”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, இவ்வளவு லேசான விஷயமா இது என்றிருந்தது.

“அதை விட்டுத் தள்ளுங்க. வராத ஆட்டத்தை நான் போன்ல சொல்றேன். நீங்க பார்த்துட்டேன் பார்த்துட்டேன்னு சொல்லிட்டா, நான் என்னத்தைச் சொல்ல?”

அன்றைக்கு அவள் பேசின பேச்சில் அவருக்கு ஒரு ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில்தான் ஏறினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மடத்துக்குப் போனால், சாமி வாசலிலேயே நின்றிருந்தார். ஞானியாக இருந்தால் என்ன, முன்வரிசை ஆட்டக்காரர் இல்லையா? பொறுக்க முடியவில்லை.

“ஜெயிச்சாச்சாமே! எத்தனை கோலு?”

“ரெண்டோ மூணோ சாமி.”

“ரெண்டோ மூணோவா? சரி, முதக் கோலு யாரு போட்டா?”

சொரிமுத்து யோசித்தார். “யாரோ ஒரு பிள்ளை.”

“பெனால்டி கார்னர்லயா? ஓடிப் போய்ப் போட்டாளா?”

“தெரியல.”

“கடைசிக் கோலு? அதையாவது பார்த்தியா?”

“நான் பேச்சியை விட்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே சாமி.”

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

“அப்படின்னா, ஏலே,” என்றார், “ஒண்ணு விடாமப் பார்த்திருக்க.”