செங்கோடன் மூக்குக்குக் கரண்ட் கொடுத்த கதை

முட்டாள்களுக்கென்று தனியாக ஒரு ஊர் இருந்தது, அதற்கு ஒரு ராஜா இருந்தான் என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. அப்படி ஒரு ஊரைக் கட்டிக் கொடுத்திருந்தால் நமக்கு நிம்மதி. யாரும் கட்டவில்லை. அதனால் மூன்று பேர் நேராகச் சங்ககிரியில் என் கடைக்கே வந்து சேர்ந்தார்கள். நான் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாகப் பேட்டரிகளோடு பழக்கம். பேட்டரிக்குச் சொன்னால் புரியும்.

முதல் ஆள் செங்கோடன். லாரி டிரைவர், நூற்றுப் பதினெட்டுக் கிலோ. தூங்கும்போது நடுநடுவே இவனுக்கு மூச்சு நின்றுவிடுகிறது, அதனால்தான் எவ்வளவு தூங்கினாலும் மறுபடி கண்ணைச் சொக்குகிறது என்று ஈரோட்டில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். மூக்கில் மாஸ்க்கை மாட்டினால் காற்றடிக்கிற மிஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார். தூங்கும்போதெல்லாம் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். மிஷினுக்குள் நகத்தளவு ஒரு கார்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை மூச்சு நின்றது, எல்லாம் அதில் பதிவாகிவிடும்.

லாரி ஓனர் நாச்சிமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். "நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு போகுது. மாரப்பன் ஓட்டட்டும். நீ கூடப் போய் மிஷினைப் போட்டுத் தூங்கிப் பழகிட்டு வா. வந்ததும் கார்டைப் பார்ப்பேன். தினமும் ஆறு மணி நேரம் ஓடியிருந்து, மூச்சும் நிக்காம இருந்தா புது வண்டி உனக்கு. இல்லீன்னா குடோன் கேட்டுல உக்காந்து விசில் ஊது."

பதினாறு வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கையில் விசில்! செங்கோடன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது பாவப்பட்டதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

இரண்டாம் ஆள் மாரப்பன். வண்டி நன்றாக ஓட்டுவான். அதற்கு மேல் அவனிடம் எதையும் எதிர்பார்ப்பது நம்முடைய தப்பு. மூன்றாவது குப்பண்ணன், செங்கோடன் பெண்டாட்டியின் தம்பி. நாற்பது வயது, பத்தாவது பாஸ். படித்த ஆள் கூட இருக்கட்டும் என்று ஒரு நீல அட்டை நோட்டைக் கையில் கொடுத்து அவனையும் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது, நான் சொன்னது எல்லாம் அந்த நோட்டில் ஏறும். ஏறிவிட்டால் சட்டம்.

நான் சீட்டுக்குப் பின்னால் ஒரு இன்வெர்ட்டரை மாட்டி, பக்கத்தில் ஒரு மீட்டரையும் வைத்து, பொறுமையாக விளக்கினேன். "இத பாருங்கடா. இந்தப் பெட்டி பேட்டரி கரண்டை மிஷினுக்குத் தோதா மாத்திக் குடுக்கும். வண்டி நிக்கும்போது மிஷினைப் போட்டா பேட்டரி இறங்கும். முள்ளு இந்தச் சிவப்புக் கோட்டைத் தொட்டா மிஷினை அணைச்சுருங்க. இல்லாட்டி வண்டி ஸ்டார்ட் ஆகாது. முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

குப்பண்ணன் பேனாவைத் திறந்தான். "ஏனுங்கண்ணா, எந்தக் கண்ணுங்க? வலதுங்களா, இடதுங்களா?"

"எதையாச்சும் வையி."

'ஏதாச்சும் ஒண்ணு' என்று எழுதிக்கொண்டான். அப்போதே இன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டு கடையைச் சாத்தியிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அதோடு விட்டேனா? "தண்ணி பட்டா மிஷின் போச்சு, ஜாக்கிரதை" என்று ஒரு வாக்கியத்தையும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவைத்தேன்.

வழியில் பெரிய ஊர்களுக்குள் பகலில் லாரியை விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திப் பகலில் தூங்கி, சாயங்காலம் கிளம்புவது வழக்கம். முதல் நாள் காலை பத்து மணிக்கு எனக்குப் போன். பின்னால் மூன்று பேரும் சத்தமாக விவாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"தொட்டியில தண்ணி ஊத்தோணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்குது. தண்ணி படக்கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்குது" என்றான் மாரப்பன். "யாரு பேச்சைக் கேக்கறது?"

"நர்ஸம்மா படிச்சது" என்றான் செங்கோடன்.

"அண்ணன் மிஷினுக்குப் பக்கத்துலயே உக்காந்து சொன்னாரு மாமா. அவரு மனசும் நோகக்கூடாது" என்றான் குப்பண்ணன்.

எனக்கு ஒரு வார்த்தை பேச வழியில்லை. தொட்டி என்பது காற்று காய்ந்துபோகாமல் இருக்க மிஷினோடு வருகிற சின்ன டப்பா, தண்ணீர் ஊற்றுவதற்கென்றே செய்தது, அதில் ஊற்றுங்கள் என்று கத்திப் பார்த்தேன். அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பையில் பிடித்து, வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பையோடு தொட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தண்ணீரும் வைத்தாயிற்று, மிஷின் மேல் ஒரு சொட்டும் படவில்லை. நர்ஸம்மாவுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

மறுநாள் மத்தியானம் அதிலாபாத் பக்கத்திலிருந்து போன். குப்பண்ணன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

"அண்ணா, மிஷின்ல ஏதோ கோளாறுங்க. மாமாவுக்கு மூச்சு முட்டுது."

"மாஸ்க் சரியா இருக்கா?"

"மாஸ்க் போடாத எங்களுக்கும் முட்டுதுங்க."

என்னடா செய்தீர்கள் என்று கேட்டேன். நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "'காத்து வெளிய போகக் கூடாது.' நர்ஸம்மா சொன்னதுங்க. மாஸ்க்கை மாட்டும்போது சொல்லுச்சு."

மாஸ்க் ஓரமாகக் காற்று கசியக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். இவர்கள் கேபின் கண்ணாடி இரண்டையும் ஏற்றி, கதவு இடுக்கு, டேஷ்போர்டு ஓட்டை ஒன்று விடாமல், பார்சல் ஒட்டுகிற காக்கி டேப்பால் நாலு சுற்று ஒட்டிவைத்திருந்தார்கள். மே மாதம். அதிலாபாத் வெயில்.

"கதவைத் திறங்கடா!"

"திறந்தா காத்து போயிருமேங்க."

"போகட்டும்டா, நீங்க போயிருவீங்கடா!"

"எதுக்கும் நர்ஸம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறக்கறமுங்க" என்று போனை வைத்துவிட்டான்.

நான் மூன்று குடும்பத்துக்கும் யார் போய்ச் செய்தி சொல்வது என்று யோசித்துக்கொண்டு வேர்த்து நின்றேன். கடைசியில் காப்பாற்றியது நானும் இல்லை, நர்ஸும் இல்லை. வண்டிப் பக்கம் டீக்காரன் ஒருவன் மணியடித்துக்கொண்டு வந்திருக்கிறான். டீ என்றதும் மாரப்பன் எதையும் யோசிக்காமல் டேப்பைப் பிய்த்துக்கொண்டு கீழே குதித்துவிட்டான். யோசிக்காமல் செய்ததால் பிழைத்தார்கள். அந்த வண்டியில் யாராவது யோசித்தபோதெல்லாம்தான் ஆபத்து வந்தது.

அதற்குப் பிறகு போனே இல்லை. ஒழிந்தது, கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தேன். நானும் கொஞ்சம் முட்டாள்தான்.

எட்டாம் நாள் காலை வண்டி என் கடை வாசலில் வந்து நின்றது. மூன்று பேரும் இறங்கினார்கள். செங்கோடனின் கண் இரண்டும் மிளகாய் வற்றல் நிறம். பின்னாலேயே ஓனர் நாச்சிமுத்து காரில் வந்தார். முந்தின நாள் வண்டி வந்து சேர்ந்ததுமே கார்டை வாங்கி, ஈரோட்டில் போட்டுப் பார்த்து ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தினமும் எட்டு மணி நேரம் ஓடியிருக்குது! மூச்சு எத்தனை தடவை நின்னுச்சு தெரியுமா? ஒரு தடவை கூட இல்ல!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் போட்ட வயரிங் அல்லவா? "எட்டு மணி நேரமா? பேட்டரி இறங்கலையாடா?" என்று கேட்டேன்.

"இறங்க உடுவமாங்க?" என்றான் செங்கோடன். "முள்ளை உட்டுக் கண்ணை எடுக்கல."

"யாரு பார்த்துக்கிட்டா?"

"நான் தூங்கோணுமில்லீங்க, வண்டி ஓட்டறவன்" என்றான் மாரப்பன்.

"நான் நோட்டைப் பார்த்துக்கோணுமில்லீங்க" என்றான் குப்பண்ணன்.

"என்ற மிஷினு, நான்தானுங்க பார்த்தேன்" என்றான் செங்கோடன். "மாஸ்க்கை மாட்டிட்டு முள்ளுக்கு முன்னால உக்காந்துக்குவேன். முதல்ல வலது கண்ணு, அது வலிச்சா இடது கண்ணு."

"தூங்கும்போது எப்படிடா பார்ப்பே?"

செங்கோடன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். விவரம் போதாத ஆளிடம் பேசுகிற இரக்கம் அவன் முகத்தில் தெரிந்தது. "தூங்கினா முள்ளை எப்படிங்கண்ணா பார்க்க முடியும்?"

"அப்ப நீ தூங்கவே இல்லையா?"

"ஐயோ, தூங்காம இருக்க முடியுங்களா? சாயங்காலம் வண்டி கிளம்புனதும் சீட்டுல சாஞ்சு நல்லாத் தூங்கிருவேனுங்க. என்ன, நடுநடுவுல மூச்சு நின்னு நின்னு மாரப்பன் என்னைத் தட்டித் தட்டி எழுப்புவான்."

"அப்ப மிஷினு?"

"அணைச்சு மூட்டைக்குள்ள பத்திரமா வெச்சுருவமுங்க."

குப்பண்ணன் நோட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "வண்டி நிக்கும்போது போடறதைப் பத்தித்தானுங்க நீங்க சொன்னீங்க. ஓடும்போது போடோணும்னு இதுல எங்கயும் இல்ல."

அட பாவிகளா! வண்டி ஓடும்போது பேட்டரி தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு மிஷின் இல்லை, பத்து மிஷினைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். அதை ஒரு மனுஷனுக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டுமா? கண் திறந்திருக்கிறவனுக்கு எதற்கு மூச்சு நிற்கும்? கார்டில் சைபர்தான் வரும். என் வீட்டு மாட்டின் மூக்கில் மாட்டியிருந்தாலும் சைபர்தான் வந்திருக்கும்.

ஓனருக்காவது உறைக்கும் என்று அவரைப் பார்த்தேன். "கேட்டீங்களா? இவன் மிஷினைப் போட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் கூடத் தூங்கலைங்க. இவன் கையில வண்டியைக் குடுக்காதீங்க."

நாச்சிமுத்து காகிதத்தை இன்னொரு தடவை விரித்துப் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"உனக்குப் பொறாமைப்பா" என்றார். "ஆறு மணி நேரம் கேட்டேன், எட்டு குடுத்திருக்கான். மூச்சு நிக்கக் கூடாதுன்னேன், நிக்கல. டாக்டர் மிஷினே பொய் சொல்லுமா? இந்தாடா செங்கோடா, சாவி."

செங்கோடன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்புறம் போகாமல் என் பக்கத்தில் வந்து நெளிந்தான்.

"அண்ணா, ஒரே ஒரு குறைங்க. மிஷினைப் போட்டதும் காத்து ஜிலுஜிலுன்னு வந்து கண்ணைச் சொக்குது. மாஸ்க்கோடயே தூங்கிப் போயிருவனோன்னு பயமா இருக்குதுங்க. நான் அசந்தா அடிக்கற மாதிரி ஒரு ஹாரனை அந்தப் பெட்டியில இருந்தே மாட்டிக் குடுங்க."

நான் கடையைச் சாத்த எழுந்தேன்.

"ஒண்ணு பத்தாது" என்றார் நாச்சிமுத்து. "இவன் தூக்கம் எனக்குத் தெரியும். ரெண்டா மாட்டு."

குப்பண்ணன் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினான்.

"ஏனுங்கண்ணா, ரெண்டும் ஒரே காதுக்குங்களா, காதுக்கு ஒண்ணுங்களா?"