வாசல் போர்டும் கழுத்து அட்டையும்

எங்கள் ஊர்க் கல்யாண மண்டப முதலாளி நாகலிங்கத்துக்கு வாசல் போர்டுதான் தைரியம். ‘இங்கே நேரும் எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று முழ நீள எழுத்து.

பந்திக்கூடத்தில் மின்விசிறி கழன்று விழுந்து, எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் கை முறிந்தது. வைத்தியச் செலவு கேட்டாள். போர்டைக் காட்டினார். மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தவளிடம், “கண்ணாடிச் சரவிளக்கைத் துடை. உடைஞ்சா நீதான் பொறுப்பு” என்றார்.

ஒற்றைக் கையால் சரவிளக்கா? பஞ்சவர்ணம் ஓர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியருகே நின்றாள்: ‘எது உடைந்தாலும் பஞ்சவர்ணம் பொறுப்பல்ல.’

மண்டபம் பேச வந்திருந்த பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள். நாகலிங்கத்துக்குக் கோபம் பொங்கியது.

“அட்டையை மாட்டிக்கிட்டா பொறுப்பு போயிடுமா?”

“போகாதுங்களா முதலாளி?”

“எப்படிப் போகும்?”

“அப்ப இதைக் கழட்டிடறேன். வாசல்ல இருக்கறதை?”

“விசிறியை மாட்டினவன் எலக்ட்ரீஷியன். அவனைக் கேளு!”

“அவரை வேலைக்கு வெச்சது நீங்க. விசிறி ஆடுதுன்னு மூணு நாளா நான் சொன்னதும் உங்ககிட்டதாங்க.”

பெண்ணின் அப்பா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து தள்ளி நின்றார்.

நாகலிங்கம் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார், போர்டைக் கழற்ற. நல்ல கையால் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள் பஞ்சவர்ணம்.

“தைரியமா ஏறுங்க முதலாளி. நீங்க விழாம பாத்துக்கறது என் பொறுப்பு.”